முதலில் கெட்ட செய்தி

போன மாதம் கவிதா வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பியிருந்தாள். சுங்கைப் பட்டாணிக்கு வெளியே இருக்கும் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், நான் இருந்த தரக்கட்டுப்பாட்டுத் தலைவி நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். புதிதாகச் சேர்ந்த அதிகாரிகளுக்கு வணிக நெறி பற்றி ஒருநாள் பயிற்சியாம். நான் வந்து கொஞ்ச நேரம் பேச வேண்டுமாம். கோப்பைத் திறந்தால் நிறைய அம்புக்குறிகள், நடுவில் ஒரு தராசுப் படம். சரியான முடிவுக்குப் போகும் படிகள் என்று ஒரு பக்கம். மூட்டு வலிக்காரியான நான் அத்தனை படியையும் பொறுமையாக ஏறிப் பார்த்தேன். எங்கள் தொழிற்சாலையில் நடந்த ஒரு விஷயத்துக்கு அதில் எங்கேயும் இடம் இல்லை.

அந்தப் பக்கங்களில் தப்பு செய்கிறவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்கள். லஞ்சம் வாங்குகிறான், பொய்க் கையெழுத்துப் போடுகிறான், மாட்டிக்கொள்கிறான். அப்படிப்பட்டவனை அடையாளம் கண்டுகொள்ள யாருக்கும் பயிற்சி தேவையில்லை. எங்களிடம் நடந்த தப்பைச் செய்தவர்கள் நல்ல பெண்கள். ஒருவர் மேல் வைத்த பாசத்தால் செய்தார்கள். அதனால்தான் அதைக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை, கண்டுபிடித்த பிறகு எளிதில் வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை.

மேடையேறிப் பேச எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்று கவிதாவிடம் சொன்னேன். "எழுதுங்கக்கா, ஆனா ஷார்ட்டா லா. பெருசா இருந்தா இவங்க படிக்க மாட்டாங்க" என்றாள். ஷார்ட்டாக வருமா என்று தெரியவில்லை. படிக்காதவர்கள் படிக்காமல் போகட்டும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி ஆறாம் படிவம் வரை, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு வரை படித்தேன். கையுறைக் கிலாங் திறந்தபோது பரிசோதகராகச் சேர்ந்தேன். கிலாங் என்றால் தொழிற்சாலை; எங்கள் ஊரில் பிள்ளைகள் தமிழில் முதலில் கற்கும் மலாய்ச் சொற்களில் அதுவும் ஒன்று. பினாங்கில் பகுதிநேரமாக ஒரு டிப்ளோமா படித்து, மேற்பார்வையாளராகி, பிறகு பிரிவின் தலைவியானேன். அதற்குள் எங்கள் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த பெண்கள் பலர் என் பின்னாலேயே அதே கிலாங்குக்கு வந்து சேர்ந்தார்கள். சோதனை அறையில் வேலை செய்தவர்கள் அநேகமாக எங்கள் லயத்து ஆட்கள்தான். அவர்களுக்கு மூத்தவர் சரோஜா அக்கா. எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளிக் குடியிருந்தவர். நான் பள்ளிக்கு அழுதுகொண்டு போன காலத்தில் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவர்.

இப்போது அந்தச் சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் செய்தவை அறுவை சிகிச்சைக்கான கையுறைகள். ஒவ்வொரு லாட்டிலிருந்தும், அதாவது ஒரே தடவையில் ஒன்றாகத் தயாரான சரக்கிலிருந்து, குறிப்பிட்ட அளவு கையுறைகளை எடுத்துச் சோதனை அறைக்குக் கொண்டுவருவார்கள். அங்கே நீளமான இரும்புச் சட்டம் ஒன்று, அதில் வரிசையாகக் குழாய்கள். கையுறையின் வாயைக் குழாயில் மாட்டி ரப்பர் வளையத்தால் இறுக்கி, மேலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றியதும் கையுறை கறவை மாட்டின் மடி மாதிரி தொங்கும். உடனே ஒரு முறை பார்க்க வேண்டும், இரண்டு நிமிஷம் விட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும். கசிவு பெரும்பாலும் விரலும் விரலும் சேரும் இடுக்கில் வரும். சில சமயம் துளியாக விழாது, வியர்வை மாதிரி பூக்கும். சரோஜா அக்கா ஈரமில்லாத புறங்கையை அந்த இடுக்கில் லேசாக வைத்துப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாததும் தோலுக்குத் தெரியும் என்பார்.

ஊசி முனை அளவு ஓட்டை போதும், நோயாளியின் இரத்தம் டாக்டரின் விரலுக்கு வந்துவிடும், டாக்டரின் விரலில் இருக்கும் கிருமி நோயாளிக்குப் போய்விடும். அனுமதித்த அளவுக்கு மேல் கையுறைகள் கசிந்தால் அந்த லாட் முழுவதையும் நிறுத்திவைத்துச் சிவப்பு அட்டை மாட்டுவோம். ஒரே ஒரு விலக்கு உண்டு. குழாயில் மாட்டும்போதே நகம் பட்டோ மோதிரம் பட்டோ கிழிந்துவிட்டால் அது கையுறையின் குறை இல்லை, எங்கள் கையின் குறை. அதைப் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் தொட்டியில் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டலாம். நியாயமான விதிதான். அந்த மஞ்சள் தொட்டியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆலை மேலாளர் திரு. அருளானந்தம். யாழ்ப்பாணத்து வம்சாவளி, கிறிஸ்தவர். எங்கள் தோட்டத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் என்றால் கிராணியாக, அதாவது தோட்டத்து எழுத்தராக இருப்பார், இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் இருப்பார். ஆபீஸ் படிக்கு மேலே அவர் நிற்பார், கீழே நாங்கள் நிற்போம். அந்தப் பழக்கம் எங்கள் முதுகில் ஊறிப் போயிருந்தது. இவர் வந்த முதல் நாளே கேன்டீனில் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்து, "இதில இருக்கலாமோ?" என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டோம். சாப்பாட்டு மேசையில் எழுந்து நிற்கிற ஆட்களை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார், பாவம்.

அவர் ஓடி நான் பார்த்ததில்லை. யாராவது பிரச்சினையோடு அறைக்குள் வந்தால், முதலில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, "இரும். சொல்லும்" என்பார். உட்காரச் சொல்கிற அந்த 'இரும்', அந்த 'சொல்லும்' முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அதைக் கேட்காவிட்டால் ஏதோ குறைந்த மாதிரி ஆகிவிட்டது. சரோஜா அக்காவின் கணவர் தஞ்சோங் டாவாய் போகும் சாலையில் மோட்டார் விபத்தில் இறந்தபோது, வீட்டுக்கு வந்து மற்றவர்களோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். தூக்கும் வரைக்கும் போகவில்லை. எங்கள் பெண்கள் அதை மறக்கவே இல்லை. அவருக்கு ஒன்றென்றால் இவர்கள் சாமிக்கு நேர்ந்துகொள்வார்கள்.

ஒன்று வரத்தான் செய்தது. இருதயத்துக்குப் போகும் குழாய்களில் அடைப்பு. பினாங்கில் நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். கோயிலில் அர்ச்சனை, சர்ச்சில் ஜெபம் இரண்டும் நடந்தன. வேலைக்குத் திரும்பியபோது சட்டை தோளில் தொங்கியது, ஆள் பாதியாகியிருந்தார். அந்த வாரமே ஒரு லாட் சோதனையில் தோற்றது. வழக்கம்போல் அவரே கீழே இறங்கி வந்து, சொட்டுகிற கையுறைகளைப் பார்த்து, "சரி, நிப்பாட்டுங்கோ" என்றார். திரும்பி மாடிப்படி ஏறும்போது பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் பூத்திருந்தது. சரோஜா அக்கா தண்ணீரோடு ஓடினார். களைப்புதான், வேறொன்றுமில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். ஆனால் சோதனை அறைப் பெண்கள் அத்தனை பேரும் அவர் அப்படிப் படியில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி ராணி ஆன்ட்டி என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார். "அவருக்கு ஒண்டும் சொல்லிப் போடாதேங்கோ பிள்ளை. கிலாங்கில ஏதும் பிரச்சினையெண்டா நீங்களே பார்த்து முடிச்சு விடுங்கோ. அவற்ற காதுக்குப் போக வேண்டாம்." நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காபி எடுத்துவர எழுந்து போனேன்.

அடுத்து வந்த வாரங்கள் எங்கள் தொழிற்சாலை கண்ட நல்ல வாரங்கள். ஒரு லாட்கூடத் தோற்கவில்லை. ரப்பர் பாலில் சேர்க்கும் கலவையை அப்போதுதான் மாற்றியிருந்தோம், அதன் பலன் என்று நானும் நம்பினேன். கோலாலம்பூர் தலைமையகத்திலிருந்து இயக்குநர் பாராட்டி மின்னஞ்சல் அனுப்பினார். அருளானந்தம் சாரின் முகத்திலும் கொஞ்சம் நிறம் வந்தது. அதைப் பார்க்க எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஒரு நாள் துப்புரவு ஆள் சூத்தி, அதாவது விடுப்பு எடுத்திருந்தார். மஞ்சள் தொட்டி நிரம்பி வழிந்ததால் நானே பையைக் கட்டித் தூக்கினேன். பை எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. அடியில் ஓட்டை விழுந்து காலில் போட்டிருந்த சப்பாத்தில் தண்ணீர் கொட்டியது.

மாட்டும்போது கிழிந்த கையுறையில் தண்ணீர் இருக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் கிழிந்ததால்தானே அதைத் தொட்டியில் போடுகிறோம்? ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வாய் முழுசாக இருந்தது, நகக்கீறல் எங்கும் இல்லை. ரப்பர் வளையம் இறுக்கிய தடம் மட்டும் வட்டமாகப் பதிந்திருந்தது. கழுவும் தொட்டிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் பிடித்தேன். நடுவிரல் இடுக்கில் பூத்தது. இன்னொன்று, அதுவும் பூத்தது. பையில் இருந்தவை அநேகமாக எல்லாமே அப்படித்தான். கசிகிற கையுறையைக் கழற்றி, கிழிந்துவிட்டது என்று தொட்டியில் போட்டு, நல்லதாக ஒன்றை எடுத்து மாட்டியிருக்கிறார்கள்.

சரோஜா அக்காவிடம் போய் அந்தக் கையுறையை நீட்டினேன்.

"அக்கா, இது என்ன?"

ஏப்ரனில் கையைத் துடைத்தார். "கிழிஞ்சதுதான்."

"கிழிஞ்சதுல தண்ணி எப்படி வந்துச்சு?"

 மற்ற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். பிறகு அக்கா என் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சாருக்குச் சொல்லிடாத வசந்தி. நெஞ்சத் திறந்து தைச்சிட்டு வந்திருக்காரு. அன்னிக்குப் படியில உக்காந்தாரே, நீயும் பாத்தல்ல? இன்னொரு தடவ அப்படி ஆச்சுன்னா என்ன பண்றது? எங்கப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப, சித்தப்பா செத்ததகூட சொல்லாமத்தான வச்சிருந்தோம். உனக்குத் தெரியாதா?"

"இது வீடு இல்லக்கா."

"அவரு நமக்கு வெளியாளா?" என்றார். "அளவுக்கு மேல லாட்டுக்கு ஒண்ணு ரெண்டு கசிஞ்சதத்தான் எடுத்தோம். ரொம்ப ஒழுகினா நாங்களே விட மாட்டோம் லா. அவருக்கு சுசா, கஷ்டம் குடுக்க வேணாம்னு பாத்தோம். அவ்வளவுதான்."

எனக்கு அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது. தொல்லையே அதுதான். எங்கள் வீடுகளில் நோயாளிக்குக் கெட்ட செய்தி சொல்வதில்லை. மகனுக்கு வேலை போனதைச் சொல்வதில்லை, அண்ணன் இறந்ததைச் சொல்வதில்லை. உடம்பு தேறட்டும் என்று வீடு முழுக்கச் சேர்ந்து சிரித்துக்கொண்டிருக்கும். இவர்களும் அதைத்தான் செய்தார்கள். யாரும் இவர்களை மிரட்டவில்லை, இவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. வீட்டில் செய்வதைத் தண்ணீர்ச் சோதனைக் குழாய்க்குப் பக்கத்தில் நின்று செய்தார்கள்.

சாமான் அறைக்குள் போய் அந்த ஈரப் பையோடு உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. சொல்லி அவருக்கு ஏதாவது ஆனால், இந்தப் பெண்கள் முகத்திலும் ராணி ஆன்ட்டி முகத்திலும் நான் எப்படி விழிப்பேன்? சொல்லாவிட்டால் எங்கோ ஓர் ஊரில் அறுவை சிகிச்சை மேசையில் ஒருவர் படுத்திருப்பார். அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. முகம் தெரிந்தவருக்காக மனம் அடித்துக்கொள்வது மாதிரி முகம் தெரியாதவருக்காக அடித்துக்கொள்வதில்லை. எங்கள் வேலையோ முழுக்க முழுக்க முகம் தெரியாதவர்களுக்காகச் செய்வது. அவரைத் தாண்டி நேராக இயக்குநருக்குப் போன் செய்தால் என்ன என்றும் யோசித்தேன். அது அவரை உயிரோடு இருக்கும்போதே நாற்காலியிலிருந்து இறக்குவதாகும். பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

கண்ணாடியைத் துடைத்தார். "இரும்" என்றார். நான் நின்றபடியே சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பித்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், நெஞ்சுக்கு ஏதாவது ஆகிறதா என்று. அவர் பையிலிருந்து ஒரு கையுறையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார். தண்ணீர் கண்ணாடி மேசையில் ஓடியது. அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப இருந்து?"

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து சார்."

"எனக்காகவோ?"

தலையாட்டினேன். அந்த ஒரு கேள்வியை அவர் கேட்ட விதம் இன்னும் எனக்கு வலிக்கிறது. மேசைமேல் கிடந்த கையுறையைத் தொட்டு, "என்ர நெஞ்சைத் திறந்த டொக்டர்ட கையிலயும் இப்பிடி ஒரு கிளவ்ஸ்தானே பிள்ளை இருந்திருக்கும்?" என்றார். பிறகு போனை எடுத்தார்.

கிடங்கில் இருந்த சரக்கை நிறுத்தச் சொன்னார். ஒரு கொள்கலன் பினாங்குத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் போய்விட்டது. அடுத்து இயக்குநரை அழைத்தார். என்னை வெளியே போகச் சொல்லவில்லை, ஸ்பீக்கரில் போட்டார். இயக்குநர் கெட்டவர் இல்லை, கணக்குத் தெரிந்தவர். புதிதாக மாதிரி எடுத்துச் சோதித்துப் பாருங்கள், பெரும்பாலும் தேறிவிடும், தேறினால் விஷயம் முடிந்தது என்றார். அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். கையுறைகளில் பெரும்பாலானவை நல்லவை. மறுபடி எடுத்தால் தேற நல்ல வாய்ப்பு இருந்தது.

"தேறும் வரைக்கும் எடுக்கலாம்" என்றார் அருளானந்தம் சார், ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல். "அதற்குப் பெயர் சோதனை இல்லை. வாங்குகிறவர்களுக்கு நான் இன்றைக்கே சொல்லப் போகிறேன். அவர்கள் வேறு யாரிடமிருந்தாவது கேள்விப்படக் கூடாது."

 அப்படியானால் அந்தப் பெண்களை வேலையிலிருந்து நீக்கிவிட்டுச் சொல்லுங்கள், நடவடிக்கை எடுத்தோம் என்று காட்ட வேண்டும் என்றது இயக்குநரின் குரல். "காட்டுறதுக்காக நான் ஒருவரையும் அனுப்ப மாட்டன்" என்று போனை வைத்த பிறகு என்னிடம் சொன்னார். இயக்குநரிடம் அதையே இன்னும் மரியாதையான ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார்.

அன்று பிற்பகல் மெதுவாகப் படியிறங்கிச் சோதனை அறைக்கு வந்தார். பெண்கள் சுவரோரம் ஒட்டி நின்றார்கள்.

"எனக்கு நல்லது நினைச்சுத்தான் செய்தனீங்கள். அது எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா நல்ல செய்தி கேக்கிறதுக்கு ஒரு மேனேஜர் தேவையில்லை. கெட்ட செய்தி என்னட்ட வரேல்லையெண்டா நான் இஞ்ச என்னத்துக்கு இருக்கிறன்? அந்தக் கிளவ்ஸைப் போடுற ஆளுக்கும் வீட்டில ஆக்கள் இருக்கினம். அவையும் சாமி கும்பிட்டுக்கொண்டுதான் இருப்பினம்."

சரோஜா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. எல்லாருக்கும் எச்சரிக்கைக் கடிதம், மறுபயிற்சி. சரோஜா அக்காவை மட்டும் சோதனை அறையிலிருந்து எடுத்துப் பொதி கட்டும் பிரிவுக்கு மாற்றினார். அத்தனை வருஷம் நின்ற இடம் அது, புறங்கையால் ஓட்டையைக் கண்டுபிடிக்கிற ஆள் அவர். எனக்கு மனசு கேட்கவில்லை. அறைக்குப் போய் வாதாடினேன். "ஏன் செய்தவ எண்டது எனக்கு நல்லா விளங்குது பிள்ளை. அதுக்காக அந்தக் குழாய்க்குப் பக்கத்தில திரும்ப அவவை நிப்பாட்ட ஏலாது" என்றார். வாங்குகிறவர்களுக்குப் போன அறிக்கையில் தவறுக்குப் பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். தன் முகம் வாடுமோ என்று பார்த்து ஊழியர்கள் முடிவை மாற்றும் நிலை வந்ததென்றால், அது மேலாளரின் குறை என்று காரணமும் எழுதியிருந்தார்.

உண்மையைச் சொன்னதால் எல்லாம் நன்றாக முடிந்தது என்று கவிதாவின் கோப்பில் ஒரு கதை இருக்கிறது. எங்களுக்கு அப்படி முடியவில்லை. வாங்குகிறவர்கள் நன்றி சொன்னார்கள், கொள்கலனைத் திருப்பி அனுப்பினார்கள், அடுத்த ஆர்டரைக் குறைத்தார்கள். ஒரு வரிசை இயந்திரங்கள் மாதக்கணக்கில் நின்றன. ஓவர்டைம் போனது, தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க முடியவில்லை என்று கேன்டீனில் என் காதுபடவே பேசினார்கள். அருளானந்தம் சாருக்கு வரவேண்டிய தலைமையகப் பதவி வேறொருவருக்குப் போனது. சரோஜா அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். கிலாங் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார். போட்டுக் கொடுத்தவள் என்று எனக்குப் பெயர். அழுதிருக்கிறேன்.

அதற்குப் பிறகு சார் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். சோதனை அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. தினமும் காலையில் படியிறங்கி வந்து, வணக்கம்கூடச் சொல்லாமல், "கெட்ட செய்தி என்ன? அதை முதல் சொல்லும்" என்பார். சொல்கிறவருக்கு "தேங்க் யூ" என்பார், அவர் பெயரைத் தன் கையாலேயே பலகையில் எழுதுவார். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு கேன்டீன் காற்றாடி ஓடவில்லை என்று ஒருத்தி சொன்னாள். அதற்கும் தேங்க் யூ, அதற்கும் பெயர். கொஞ்ச நாளில் பலகைக்குப் போட்டியே வந்துவிட்டது, பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கூடப் பெயர் வாங்கப் பார்த்தார்கள். ஆனால் கசிவும் வந்தது. சிவப்பு அட்டையும் மாட்டினோம். அவர் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு காலை பொதி கட்டும் பிரிவிலிருந்து சரோஜா அக்கா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கையுறைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, சரக்கு முழுக்க அப்படித்தான் என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். சார் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார். அன்று மாலை பஸ்ஸில் "நகரு" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

இதோடு நிறுத்தினால் கவிதாவின் பயிற்சிக்குப் போதும். எனக்குப் போதாது.

எல்லாரும் ஓய்வு பெற்ற பிறகு, சார் ஆஸ்பத்திரியில் இருப்பதாக ராணி ஆன்ட்டி போன் செய்தார். நானும் சரோஜா அக்காவும் என் காரில் போனோம். அறைக்கு வெளியே தாழ்வாரத்திலேயே ஆன்ட்டி எங்களை நிறுத்தினார். புற்றுநோய் ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "அவருக்கு வயித்துப் புண் எண்டுதான் சொல்லியிருக்கு. பிள்ளைகளும் அப்பிடித்தான் சொல்லினம். அவருக்கு ஒண்டும் சொல்லிப் போடாதேங்கோ" என்றார். அன்று என் வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்ன அதே வார்த்தைகள். கைப்பையையும் அதே மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தார்.

உள்ளே போனோம். தலையணையில் சாய்ந்து படுத்திருந்தார், கண்ணெல்லாம் மஞ்சள். கிலாங்கில் இப்போது கேமரா வைத்து ஓட்டை பார்க்கிறார்களாமே என்று கேட்டார். ஆமாம் என்றேன். கேமராவுக்குப் புறங்கை உண்டோ என்று சரோஜா அக்காவைப் பார்த்துச் சிரித்தார். ஆன்ட்டி வெந்நீர் எடுக்கப் பிளாஸ்க்கோடு வெளியே போனார். கதவு மூடியது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். போர்வை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"வசந்தி, கெட்ட செய்தி என்ன? அதை முதல் சொல்லும்."

கட்டில் விளிம்புக்குக் கீழே சரோஜா அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியது. சொல்ல நான் யார்? மனைவி இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், டாக்டர் இருக்கிறார். அவர் கேட்காமல் இருந்திருந்தால், மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருப்பேன். அது பொய் என்று என் மனசு உறுத்தியிருக்காது. ஆனால் அவர் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்டார். வேறு யாரிடம் கேட்டாலும் பதில் வராது என்று தெரிந்துதான் கேட்டிருப்பார்.

"வயித்துப் புண் இல்ல சார்" என்றேன். மீதியையும் சொன்னேன். இந்த முறை அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, "தேங்க் யூ பிள்ளை. பலகையில பேரை எழுதிப் போடும்" என்றார்.

 அவர் சரோஜா அக்காவைப் பார்த்தார்.

"நீர் சொல்லியிருக்க மாட்டீர், என்ன?"

"மாட்டேன் சார்."

"தெரியும்" என்றார். "அதுக்கும் தேங்க் யூ."

ஆன்ட்டி பிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். அத்தனை நாளும் அந்த அறைக்குள் நுழையும்போது மாட்டிக்கொண்ட சிரிப்பு முகத்தில் இருந்தது. "ராணி, அதை வைச்சிட்டு இஞ்ச வந்து இரும்" என்றார் சார். ஆன்ட்டி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு போய்விட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் நெஞ்சில் பழைய தையல் இருந்த இடத்தில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதார். ஆன்ட்டியின் தலையைச் சார் தடவிக்கொண்டிருந்தார். என்னை ஆன்ட்டி மன்னித்தாரா என்று நான் பிறகும் கேட்டதில்லை.

நாங்கள் இருவரும் சத்தமில்லாமல் வெளியே வந்தோம்.  சரோஜா அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த கையைக் கார் வரைக்கும் விடவில்லை.